ரூபாய்க்கு ஒரு படி

அறுபதுகளின் பிற்பகுதியைப் பற்றி முதியவர்களிடம் கேட்டால், பேச்சு பெரும்பாலும் விலையில்தான் தொடங்கும். நாலணா இருந்தால் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கிவிடலாம் என்பார்கள். எட்டணாவை எடுத்துக்கொண்டு போனால் வயிறார இட்லி தின்று காபியும் குடித்துவிட்டு வரலாம் என்பார்கள். தங்கத்தின் விலையைச் சொல்லும்போது குரலில் ஓர் ஏக்கமே வந்துவிடும். 1965இல் பத்து கிராம் தங்கம் ஏறக்குறைய 72 ரூபாய். கேட்டுக்கொண்டிருக்கும் இளைய தலைமுறை, எத்தகைய மலிவுக் காலம் என்று பெருமூச்சு விடும்.

ஆனால் அவ்வாண்டுகளின் நாளிதழ்களைப் புரட்டினால் கண்ணில் படும் சொற்கள் வேறு: பற்றாக்குறை, பதுக்கல், பங்கீடு, அரிசிக் கடத்தல். அந்தத் தங்கமே 1969இல் சுமார் 176 ரூபாய்க்கு ஏறிவிட்டிருந்தது. வாழ்ந்தபோது விலைவாசியின் காலமாக இருந்தது, நினைவில் மலிவின் காலமாக எப்படி மாறியது? இதைப் புரிந்துகொள்ள, அக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்த ஓர் அளவுப் பாத்திரத்தைப் பின்தொடர்ந்து செல்வது உதவும் என்று நினைக்கிறேன். அது படி.

எட்டு ஆழாக்கு ஒரு படி. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும். சென்னைப் படி வேறு, தஞ்சைப் படி வேறு. அறுபதுகளின் தொடக்கத்திலேயே மெட்ரிக் அளவைகள் சட்டப்படி கட்டாயமாகிவிட்டன. 1957இல் தசம நாணயம் வந்து, 1964இல் ‘நயா பைசா’வின் ‘நயா’வும் போய்விட்டது. ஆயினும் மக்கள் காசை அணாவிலும் அரிசியைப் படியிலுமே எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடையில் கிலோவாக வாங்கினாலும் உலையில் போடுவது படிக்கணக்கில்தான். உலகாளும் மன்னனுக்கும் இரவு பகல் பாராது விலங்கைத் தேடி அலையும் வேட்டுவனுக்கும் உண்ணும் அளவு ஒரு நாழிதான் என்று புறநானூற்றில் நக்கீரனார் கண்ட உண்மை, சமையலறையின் அன்றாடக் கணக்காகவும் இருந்தது. அந்த அளவு குறைந்தபோது ஆட்சி ஆட்டங்கண்டது.

1965-66இல் பருவமழை பொய்த்தது. 1964-65இல் சுமார் 89 மில்லியன் டன்னாக இருந்த இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் அடுத்த ஆண்டே 72 மில்லியன் டன்னாகச் சரிந்தது. திங்கட்கிழமை இரவு ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். பல ஊர்களில் உணவு விடுதிகள் அன்றிரவு அடைக்கப்பட்டன. பி.எல். 480 திட்டத்தின் கீழ் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. அரிசிச் சோற்றுக்கே பழகிய தமிழ்க் குடும்பங்கள் பங்கீட்டுக் கடையில் கோதுமையையும் மைலோ என்னும் சிவந்த சோளத்தையும் வாங்கிவந்து, அவற்றை என்ன செய்வதென்று திகைத்தன. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதுவரை 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆயிற்று.

இந்தியாவின் உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டபோது அதன் தலைமையகம் சென்னையிலும், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலும் அமைந்தன. நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற மாவட்டத்தில் நெல்லைக் கொள்முதல் செய்து, இல்லாத இடங்களுக்கு அனுப்ப வேண்டிய நிலை. அரிசியை விருப்பம்போல ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லவும் கட்டுப்பாடுகள் இருந்தன. விருந்துக்குப் போகிறவர் பையில் அரிசி வைத்திருந்தால் அது கடத்தலாகிவிடும் என்ற அச்சம் இருந்த காலம் அது.

1967 பிப்ரவரித் தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முதற்காரணமாகச் சொல்வார்கள். அது சரியே. ஆனால் மொழிக்காகத் தெருவுக்கு வந்த மாணவனின் வீட்டில் தாய் அரிசிக்காக வரிசையில் நின்றிருந்தாள். அரிசி, பருப்பு விலை என்னாயிற்று என்று எதுகையோடு கேட்ட தெருமுழக்கங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக முடிந்தன. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது திராவிட முன்னேற்றக் கழகம். விருதுநகரில் காமராசரே மாணவர் தலைவர் ஒருவரிடம் தோற்றார். மார்ச் 6 அன்று அண்ணாதுரை முதலமைச்சரானார்.

மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் தொடங்கப்பட்டது. சந்தை விலைக்கும் அந்த ஒரு ரூபாய்க்கும் இடையிலான வேறுபாட்டை அரசு தாங்க வேண்டியிருந்தது. அச்சுமை பெரிதாக இருந்ததால் திட்டத்தை மாநிலம் முழுவதும் விரிக்க இயலவில்லை. மறுஆண்டு அரசு பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. அதன் விலையும் ஒரு ரூபாய்தான். அரசுக்குப் பணம் தேவைப்பட்டது, மக்களுக்கோ நம்பிக்கை தேவைப்பட்டது. கையில் இருக்கும் ஒரு ரூபாயை அரிசிக்கு வைப்பதா, அதிர்ஷ்டத்துக்கு வைப்பதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் கொட்டகைகள் நிறைந்தே இருந்தன. அறுபதுகளின் கேளிக்கை என்றால் அது சினிமாதான். ஊர்ப்புறத்து டூரிங் டாக்கீஸில் மாலையில் ஒலிபெருக்கிப் பாட்டு நின்றதென்றால் படம் தொடங்கப்போகிறது என்று பொருள். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று தரங்கள். மணலைக் குவித்து உயர்த்திக்கொண்டால் தரையே சிம்மாசனம். படத்துக்கு முன் பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படம் கட்டாயம் காட்டப்படும். அணைகளையும் அரசு விழாக்களையும் பார்த்த பிறகுதான் நாயகனைப் பார்க்க முடியும்.

சினிமாவும் செய்தியும் அவ்வாண்டுகளில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தன. 1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் கொடுமைக்காரனுக்குச் சாட்டையடி கொடுத்த நாயகன், 1967 ஜனவரி 12 அன்று உண்மையிலேயே சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருக்கும் எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாகித் தேர்தல் களத்தில் நின்றது. அவர் தொகுதிக்குப் போகாமலே பரங்கிமலையில் வென்றார். இந்தக் கேளிக்கையை உருவாக்கிய தொழிலாளருடைய கூலியையும் பசியையும் அறிய விரும்புகிறவர்கள், அறுபதுகளின் இறுதியில் அசோகமித்திரன் எழுதிய ‘கரைந்த நிழல்கள்’ நாவலுக்குச் செல்ல வேண்டும். நாலணா டிக்கெட்டின் மறுபக்கம் அதில் இருக்கிறது.

செய்தி வந்த வழிகள் இரண்டு. ஒன்று அச்சு. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் கட்சிப் படிப்பகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க, பலர் கேட்டார்கள். 1942இல் தொடங்கிய ‘தினத்தந்தி’யின் எளிய நடை, எழுத்தறியாதவர்களையும் செய்திக்குள் இழுத்திருந்தது. மற்றது வானொலி. தமிழ்நாட்டுக்குத் தொலைக்காட்சி 1975இல்தான் வந்தது. ஆகவே 1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்ததையும், அதற்கு ஓரிரு நாள் முன்பு 14 வங்கிகள் நாட்டுடைமையானதையும் தமிழர்கள் காதால்தான் முதலில் அறிந்தார்கள். பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். இல்லாதோருக்குப் பஞ்சாயத்து வானொலி இருந்தது. பாட்டுக்கு இலங்கை, செய்திக்கு டெல்லி, வயலுக்குத் திருச்சி என்று காதுகள் பிரித்துவைத்திருந்தன.

வயலுக்குத் திருச்சி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு, ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றி இடைவிடாமல் பேசியது. குறுகிய காலத்தில் அதிகம் விளையும் இரகம் அது. கேட்ட விவசாயிகள் விதைத்துப் பார்த்தார்கள், விளைந்தது. தஞ்சை மாவட்டத்தில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கியது. ஒரு செய்தி ஊடகம் ஒரு பயிருக்குப் பெயராகிவிட்ட இந்த நிகழ்வு, அக்காலத்து வானொலியின் வலிமைக்கு வேறு சான்று தேவையில்லை என்று காட்டுகிறது.

ஆனால் கூடுதலாக விளைந்த நெல் யாருக்கு என்ற கேள்வியை வானொலி எழுப்பவில்லை. அதை எழுப்பியவர்கள் கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கூலி ரூபாயில் அன்று, நெல்லில் அளக்கப்பட்டது. அளக்கும் மரக்காலும் படியும் நிலவுடைமையாளரின் கையில் இருந்தன. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. சங்கத்தை விட்டு விலக வேண்டும் என்ற நெருக்குதலுக்கு அவர்கள் பணியவில்லை. அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்குவதும், அதைத் தடுப்பதும், மோதலும் தொடர்ந்தன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், தாக்க வந்தவர்களுக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அனைவரும் தலித் மக்கள்.

அவ்வாண்டுதான் ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைக்கு வந்தது. சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகசுரத்தை மாநிலமே கேட்டு மகிழ்ந்தது. சிக்கலும் கீழ்வெண்மணியும் அதே நாகப்பட்டினம் வட்டாரத்து ஊர்கள். அந்தப் படத்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அது ஒரு கலைக்குடும்பத்தின் கதையை அழகாகச் சொன்ன படம். ஒரே மண்ணிலிருந்து எந்த ஓசை வெளியே கேட்டது, எது கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். முதலில் வந்த செய்திகள் சில, கீழ்வெண்மணியில் நடந்ததை இரு தரப்பு மோதலாகவே சொல்லின.

அதற்கு 20 நாட்கள் கழித்து, 1969 ஜனவரி 14 அன்று, மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது. மேலும் 20 நாட்கள் கழித்து, பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். அவரது இறுதி ஊர்வலத்தின் பெருங்கூட்டம் வரலாறாகிவிட்டது. பெயர் மாற்றமும் பெருந்தலைவரின் மறைவும் மக்கள் மனத்தில் நின்ற அளவுக்கு அரைப்படி நெல் நிற்கவில்லை. கணபதியா பிள்ளை ஆணையம் கூலிப் பிரச்சினையை ஆராய்ந்தது. 1969இலேயே விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. கொலை வழக்கில் கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். இலக்கியத்தில் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலாக அது 1975இல் வந்து, பெரும் விவாதத்தையும் 1977இல் சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றது.

இப்போது முதற் கேள்விக்குத் திரும்பலாம். மலிவு என்ற நினைவு பொய்யன்று. அது பாதிக் கணக்கு. மாதச் சம்பளம் வாங்கியவர்களின் நினைவே பெரும்பாலும் எழுத்தில் பதிந்திருக்கிறது. அவர்கள் செலவை எழுதிவைத்தார்கள்; நாலணாவும் எட்டணாவும் அங்கிருந்து வருகின்றன. நெல்லாகக் கூலி வாங்கியவர்களிடம் கணக்கு நோட்டு இல்லை. அவர்கள் பக்கத்து விலைகள் ஆணைய அறிக்கைகளிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் செவிவழிக் கதைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பொருளின் விலையைச் சொல்லும்போது அதை வாங்க எத்தனை நாள் உழைக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறாகும்.

நகரத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு படி கிடைக்கும் என்ற வாக்குறுதி ஓர் ஆட்சியைக் கொண்டுவந்தது. அதே ஆட்சியில், அதே படியில் பாதியைக் கேட்டவர்களின் குடும்பங்கள் எரிந்தன. அறுபதுகளின் பிற்பகுதியைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் பேசத் தொடங்கினால், இட்லியின் விலையோடு நிறுத்திவிடாமல், அப்போது வயலில் கூலி எவ்வளவு, அதை எந்தப் படியில் அளந்தார்கள் என்றும் கேட்போம். பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.