வெடிகுண்டும் மார்வினும்

ஜான் கார்பென்டரின் ‘டார்க் ஸ்டார்’ (1974) படத்தையும் டக்ளஸ் ஆடம்ஸின் ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ (1979) நாவலையும் அருகருகே வைத்தால் முதலில் வேற்றுமைதான் தெரியும். முன்னது கலிஃபோர்னியாவில் மாணவர் படமாகத் தொடங்கியது. பின்னது பிபிசி வானொலித் தொடரிலிருந்து பிறந்தது. படத்தில் விண்கலத்திலுள்ள நால்வர் சலிப்பில் பேச்சற்றுக் கிடக்கிறார்கள். நாவலில் பேச்சு ஓய்வதே இல்லை.

ஆனால் இரண்டிலுமே ஓர் இயந்திரம் தத்துவ உரையாடலால் சாகிறது. இந்த உறவை நான் எதிர்பார்க்கவில்லை.

படத்தில், கலத்தோடு ஒட்டிக்கொண்டு வெடிக்கத் துடிக்கும் 20ஆம் எண் குண்டிடம், நால்வரில் ஒருவனான டூலிட்டில் வாதிடுகிறான். நீ இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? சிந்திப்பதால் என்கிறது குண்டு. வெளியுலகம் இருப்பது? புலன்கருவிகள் சொல்வதால். அவை பொய் சொன்னால்? குண்டு தயங்கி, யோசிக்க உள்ளே திரும்பிவிடுகிறது. நாவலின் ரோபோ மார்வினோ வாதிடுவதில்லை. சலிப்புத் தாளாமல், கதைமாந்தரைப் பிடிக்க வந்த காவலர்களின் கலத்துக் கணினியோடு தன்னை இணைத்துக்கொண்டு, பிரபஞ்சத்தைப் பற்றிய தன் பார்வையை நெடுநேரம் விளக்குகிறான். கணினி தற்கொலை செய்துகொள்கிறது.

விளைவுகள் கண்ணாடிப் பிம்பம்போல் தலைகீழாக அமைகின்றன. டூலிட்டில் காப்பாற்றவே பேசினான். தான் மட்டுமே உண்மை என்று தெளிந்த குண்டு, பின்னர் வந்த கட்டளையைப் பொய்த்தகவல் என ஒதுக்கிவிட்டு வெடிக்கிறது. மார்வினுக்கு யாரையும் காக்கும் எண்ணமே இல்லை. ஆனால் கணினி செத்ததும் காவலர்களின் உயிர்காப்புக் கருவிகளும் நின்றுபோக, கதைமாந்தர் தப்பிக்கிறார்கள். குப்ரிக் படத்தின் ஹால் கணினி (1968) மனிதரைக் கொன்ற இயந்திரம். இவ்விரு படைப்புகளும் அறிவை அதைவிடத் தீவிரமாக எடுத்துக்கொள்கின்றன: குண்டைத் தர்க்கம் கொல்கிறது, கணினியை விரக்தி கொல்கிறது.

நாவல் வெளிவந்த 1979இல் இன்னொரு நிகழ்வும் உண்டு. ‘டார்க் ஸ்டார்’ படத்தின் இணை எழுத்தாளர் டான் ஓபேனன், அதில் கடற்கரைப் பந்தாக உருண்ட வேற்றுக்கிரகப் பிராணியைத் திகில் உயிராக மாற்றி எழுதிய ‘ஏலியன்’ வெளியானது அதே ஆண்டில்தான். சிரிப்பிலிருந்து திகிலுக்கு அவ்வளவு குறைந்த தூரம்.

கலைநுட்பத்தில் ஒரு வேறுபாடு முக்கியமானது. மார்வினின் பேச்சை ஆடம்ஸ் நம்மைக் கேட்கவிடுவதில்லை. முடிந்தபின் சில வரிகளில் சொல்கிறார், நகைச்சுவை அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. கார்பென்டர் வாதத்தின் ஒவ்வொரு படியையும் நம் முன்னால் நிகழ்த்துகிறார். அகலத்திலும் மொழித்துள்ளலிலும் ஆடம்ஸ் பெரியவர். இந்த ஒரு காட்சியில் கார்பென்டரே மேல். இரண்டையும் அறியாதவர்கள் படத்தை முதலில் பாருங்கள்.