ஆங்கிலேயரின் நத்தார் விருந்து மேசை

பண்டிகை நாளில் ஒரு குடும்பம் தன் உணவு மேசையை எவ்வாறு ஒழுங்கு செய்கின்றது என்பது வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளத்தக்க பொருளன்று எனச் சிலர் எண்ணக்கூடும். போர்களையும் உடன்படிக்கைகளையும் பயின்ற கண்ணுக்கு வெண்ணிற விரிப்பும் வெள்ளிக் கரண்டியும் சிறுபொருள்களாகவே தோன்றும். ஆயினும் ஒரு சமுதாயம் தன் பழமையை எவ்வாறு மீட்க முயன்றது, அம்முயற்சியின் சுமையை யார் தாங்கினர் என்பவற்றை இச்சிறுபொருள்கள் தெளிவாக உணர்த்துவன. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நத்தார் விருந்தைப் புதுப்பித்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தில் நத்தார்க் கொண்டாட்டம் இடையறாது நிலவி வந்ததொன்றன்று. 1647ஆம் ஆண்டிலே, தூய்மைவாதிகளின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்த பாராளுமன்றம் அத்திருநாளை ஒழித்துக் கட்டளை பிறப்பித்தது. அவ்வாண்டு நத்தார் தினத்திற் கன்ரபரி நகரிலே கலகம் மூண்டது. 1660இல் முடியாட்சி மீண்டபோது விழாவும் மீண்டது. எனினும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பழைய விருந்துமுறைகள் அருகிவிட்டனவென வருந்தியோர் பலர். அமெரிக்க எழுத்தாளராகிய வாஷிங்டன் இர்விங், ஆங்கில நாட்டுப்புற நிலக்கிழார் ஒருவர் தம் மாளிகையிலே பண்டைய முறைப்படி விருந்தளிப்பதாகக் கற்பனை செய்து 1820இல் வெளியிட்ட கட்டுரைகள் அவ்வேக்கத்திற்கு உருவங் கொடுத்தன.

ஆனால், பின்னர் உருவாகிய நத்தார் மேசை நிலக்கிழாரின் மண்டபத்துக்கு உரியதன்று. அது நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்குரியது. 1848இல் இலண்டன் சித்திரப் பத்திரிகையொன்று, விக்டோரியா மகாராணியும் அல்பேட் இளவரசரும் தம் மக்களுடன் வின்சர் மாளிகையில் நத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை வெளியிட்டது. அம்மரம் வைக்கப்பட்டிருந்ததும் ஒரு மேசையின்மீதே. அரச குடும்பமே இல்லறத்தின் முன்மாதிரியாகக் காட்டப்பட்டமையால், அவ்வழக்கம் விரைவிற் பரவலாயிற்று.

இதே நூற்றாண்டிற் பரிமாறும் முறையும் மாறியது. முன்னர்ப் பல பதார்த்தங்களை ஒருங்கே மேசையில் அடுக்குவர். விருந்தினர் ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்து உண்பர். புதிதாகப் பரவிய உருசிய முறையிலோ, உணவு பக்கமேசையில் வெட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஏவலராற் கொண்டுவரப்படும். இதனால் மேசையின் நடுவிடம் ஒழிந்தது. அவ்விடத்தை மலர்களும் பழத்தட்டுகளும் விளக்குகளும் அணிசெய்தன. இன்று எழிலான மேசை என நாம் கருதுவது பெரும்பாலும் இம்மாற்றத்தின் விளைவேயாகும்.

அவ்வெழிலுக்குரிய விலை யாது? 1861இல் நூலாக வெளிவந்த இல்லப் பராமரிப்புக் கைந்நூலில் இசபெல்லா பீற்றன் அம்மையார், இறைச்சியை வெட்டவும் பரிமாறவும் ஏவலர் பலர் தேவைப்படுதலின் இம்முறை சிறு குடும்பங்களுக்கு ஏற்றதன்று என்றார். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக் காலத்தில் பிரித்தானியாவில் வீட்டுப் பணியாளர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இருந்தனர். அவருட் பெரும்பாலார் பெண்கள். பிறர் வீட்டு மேசையை அவர்கள் அலங்கரித்த நாளிலே தம் வீட்டு மேசையில் அமரும் பேறு அவருட் பலர்க்கு வாய்க்கவில்லை.

சாள்ஸ் டிக்கின்ஸ் 1843இல் வெளியிட்ட நத்தார்க் கதை காட்டும் மேசை வேறு. எழுதுவினைஞன் ஒருவனின் வறிய குடும்பம் அது. அவர்களுடைய வாத்து பாண் சுடுவோனின் போறணையில் வெந்தது. புடிங் துணி வெளுக்கும் கொப்பரையில் அவிந்தது. வீட்டிலுள்ள கண்ணாடிப் பாத்திரங்களோ இரண்டு தம்ளர்களும் கைபிடியற்ற கிண்ணமொன்றுமே. ஏவலர் எவருமிலர், தாயும் பிள்ளைகளுமே மேசை விரிக்கின்றனர், தாயே பரிமாறுகின்றாள். கற்பனையேயாயினும், போறணையில்லா வறியோர் தம் பண்டிகை உணவை வெளியே சுடுவித்தமை அக்கால நகர வாழ்க்கையின் உண்மையாகும். வாரந்தோறும் சிறுகாசு சேர்த்து நத்தாருக்கு வாத்து வாங்கும் சங்கங்களும் தொழிலாளரிடையே இருந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், வீட்டோடு தங்கிப் பணிசெய்வோர் அரியராயினர். ஏவலரை நம்பிய விருந்துமுறை சாதாரண இல்லங்களினின்றும் மறைந்தது. குடும்பத்தினர் ஒருங்கு கூடித் தாமே சமைத்துப் பகிர்ந்துண்ணும் வழக்கமோ நிலைத்தது. ஆகவே, இல்லத்து நன்மரபுகளை மீட்க விழைவோர், விரிப்பும் வெள்ளியும் எவை என ஆராயுமுன், அம்மேசையை ஆயத்தஞ் செய்தவரும் அதன் பக்கலில் அமர்ந்தனரா என்று கேட்டல் வேண்டும். அதற்கு ஆம் என விடை கூறவல்ல மரபே மீட்கத்தக்கது.