சூதா, கைத்திறனா?

நமது பிள்ளைப் பருவத்தில் ஜாதவ்பூர் வீட்டில் ஒரு பாகடெல் பலகை இருந்தது. வில்கம்பியை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலேறி, ஆணிகளில் மோதி, ஏதோவொரு வளையத்துள் அடங்கும். ஐந்து பைசா பந்தயம் வைத்து நாம் ஆடக் கண்ட தந்தையார், "இது சூது" என்று அதனைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். தாம் மட்டும் சனிதோறும் ரம்மி ஆடிவந்தார்! அவர் தீர்ப்பு முறைதானா என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் செல்வர்கள் கோல்கொண்டு ஆடிய மேசையாட்டமே இதன் மூலம். 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பார் வில்கம்பி பொருத்திக் காப்புரிமை பெற்றார். வேலையின்மை தலைவிரித்தாடிய 1931இல் சிக்காகோவின் காட்லீப் நிறுவனம் 'பேஃபிள் பால்' என்னும் காசுப் பொறியைக் கடைகளில் பரப்பிற்று. ஒரு செண்டுக்கு ஏழை சற்றே கவலை மறந்தான்.

1933இல் ஹாரி வில்லியம்ஸ் அமைத்த 'காண்டாக்ட்' பொறியில் மின்சாரம் புகுந்தது. குழியில் விழுந்த குண்டை மின்விசை உதைத்து வெளியேற்றும், மணியும் ஒலிக்கும். ஆயினும் வில்லை விட்டபின் ஆடுவோன் செய்யத்தக்கது யாது? பொறியைத் தட்டி அசைக்கலாம். அசைவு மிகுந்தாலோ, அதனைக் கண்டறியும் கருவி ஆட்டத்தையே முடித்துவிடும்.

எனவே 1942இல் நியூயார்க் மேயர் லாகார்டியா இவற்றைச் சூதென விலக்கி, சம்மட்டியால் உடைப்பித்தார். 1947இல் 'ஹம்ப்டி டம்ப்டி' பொறியில், பொத்தானை அழுத்தினால் குண்டைத் திருப்பியடிக்கும் துடுப்புகள் ஆறு வந்தன. கைத்திறனுக்கு இடம் பிறந்தது. அந்நகரத்தார் தடையை நீக்க 1976 ஆயிற்று.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமோ, ரம்மி பெரிதும் திறமையாட்டமே என 1967இலேயே கூறிவிட்டது. ஆகவே தந்தையார் தீர்ப்பின்மேல் முறையீடு செய்ய நமக்கு வழியில்லை. அப்பலகையில் துடுப்பு ஏது? ஆணிகள் மட்டுமே இருந்தன.