மடல் பெயர்ப்பும் வரலாற்று மூலமும்: கட்டுகஸ்தோட்டை தரும் ஒரு பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டுச் சுவடிகள் அச்சுக்கு மாறியபோது தமிழ் நூல்கள் பல பிழைத்தன. பெயர்த்தெழுதுவோரின்றி அழிந்தவையும் பல. சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் பதிப்புப் பணியைப் போற்றும் நாம், அதனையொத்த ஒரு மாற்றம் நமது வீடுகளிலேயே நிகழ்வதைக் கவனிக்கத் தவறிவிட்டோம். ஒரு மின்னஞ்சல் மென்பொருளிற் சேமித்த மடல்களை இன்னொன்றுக்கு மாற்றுவதையே இங்குக் குறிப்பிடுகின்றோம்.

இலங்கையில் மின்னஞ்சல் பல்கலைக்கழகச் சூழலிலேயே வேரூன்றியது. 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு எழுந்த லேர்ன்மெயில் சேவை, மடல்களைச் சேர்த்துவைத்துத் தொலைபேசி இணைப்பின்வழி அனுப்பிற்று. 1995இல் வர்த்தக இணையச் சேவை தொடங்கிய பின்னர் அது படிப்படியாக வீடுகளையும் எட்டியது. 1983 யூலை வன்செயல்களின் பின் உலகெங்கும் சிதறிய குடும்பங்களுக்கு மின்னஞ்சல் உறவின் சாதனமாயிற்று.

மடல்களைச் சேமிக்கும் முறை ஒன்றன்று. யுனிக்ஸ் மரபில் வந்த எம்பொக்ஸ் முறையில் மடல்கள் அனைத்தும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து நிற்கும்; பல மென்பொருள்கள் அதனைப் படிக்க வல்லன. அவுட்லுக் எக்ஸ்பிரசோ தனக்கேயுரிய கோப்புமுறையைக் கையாண்டது. 1988இல் இல்லினோய் பல்கலைக்கழகத்திற் பிறந்த யூடோரா, இணைப்புகளை மடலினின்றும் பிரித்து வேறிடத்தில் வைத்தது. ஆகவே மடற்கோப்பினை மட்டும் பெயர்த்தவர் படங்களை இழந்தார். பொதுவுடைமையான வடிவம் நிலைக்கின்றது. ஒரு நிறுவனத்தின் தனியுடைமையான வடிவமோ அந்நிறுவனத்தின் இலாபக் கணக்கோடு வாழ்ந்து மடிகின்றது.

தமிழ் மடல்களுக்குப் பிறிதோர் இடரும் உண்டு. கட்டுகஸ்தோட்டையில், மகாவலிக்கு அண்மையிலுள்ள வீடொன்றின் பழைய கணினியிலிருந்து, ரொறன்ரோவில் வாழும் மகன் தாய்க்கு எழுதிய மடல்களைப் பெயர்க்க அண்மையில் உதவினோம். எண்ணிக்கை குறையவில்லை, ஆயின் வாசிக்க முடியவில்லை. அவை பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. அம்முறையில் 'அம்மா' என்னும் விளி கணினிக்குள் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கும். எழுத்துருவின் பெயரே அதனைத் தமிழாகக் காட்டும். பெயர்ப்பின்போது மடல்கள் வெறும் பாடமாக மாற்றப்பட்டதால் அப்பெயர் உதிர்ந்துவிட்டது.

தமிழ் மட்டும் உள்ள பகுதிகளை, 1991 முதல் தமிழுக்கு இடமளித்துள்ள யுனிகோட் முறைக்கு எளிதில் மாற்றினோம். ஆங்கிலமும் தமிழும் விரவிய பகுதிகளில் எது எம்மொழி என்பதைப் பொறியால் தீர்மானிக்க இயலவில்லை. தாயே அருகமர்ந்து, வரி வரியாக நினைவுகூர்ந்து உதவினார். பழைய கோப்பு அழிக்கப்படாதிருந்தமையாற் சரிபார்க்கவும் முடிந்தது.

இதிலிருந்து பெறப்படுவன தெளிவானவை. மூலக்கோப்பைப் பேணுதல், பொது வடிவிற் பெயர்த்தல், எழுத்துருவின் பெயரைக் குறித்துவைத்தல், மடல்களை எண்ணுவதோடு அமையாது திறந்து வாசித்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதன.

ஆள்வோரின் கடிதங்களுக்குச் சுவடிக்கூடங்கள் உண்டு. உழைத்து வாழ்ந்தோரின் மடல்களுக்கு அவர்தம் பழங்கணினிகளே கூடம். புலப்பெயர்வின் வரலாற்றை மக்கள் பக்கம் நின்று எழுத விழைவோர், இன்று பெயர்த்தெழுதும் பணியையும் ஏற்றேயாக வேண்டும். அத்தாய்மாரின் நினைவு நம்மிடையே உள்ளபோதே அதனைத் தொடங்குதல் நமது கடன்.