யாருடைய அமர்வு? தரவுத்தள அமர்வுகளை முடிக்கும் அதிகாரம் குறித்து

ஏற்காடு வட்டம் வெள்ளக்கடையில் ஒரு காப்பித் தோட்டத்தின் பட்டா மாறுதல் மனு கணினியில் நகர்கிறது என்று கொள்வோம். வருவாய்த் துறையின் ‘தமிழ்நிலம்’ போன்ற ஓர் அமைப்பை எந்தத் தரவுத்தள மென்பொருளைக் கொண்டு கட்டினாலும் ஒரு சிக்கல் என்றாவது வந்தே தீரும். ஒரு புல எண்ணுக்குரிய அட்டவணை வரியைத் திருத்தத் தொடங்கிய அமர்வு, அதாவது சர்வருடனான ஓர் இணைப்பு, அந்த வரியைப் பூட்டிவிட்டுப் பரிவர்த்தனையை முடிக்காமல் நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் போன்றவற்றில் பட்டாவைப் பார்க்க மட்டும் வருபவருக்கு இதனால் இடையூறில்லை. முன்பிருந்த பதிவு அவருக்குத் தெரியும். அதே வரியைத் திருத்த வருபவர்தான் காத்துக் கிடப்பார். நின்றுபோன அமர்வை முடித்துவைக்கும் உரிமை, கணினிக் கூடங்களின் பேச்சில் ‘கில் பண்ணும்’ உரிமை, யாருக்கு இருக்க வேண்டும்? பயனரின் பெயரையோ பதவியையோ வைத்து இதை முடிவு செய்யும் இன்றைய வழக்கம் போதாது. அமர்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதே அளவுகோலாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மென்பொருள்களின் வரலாறே இதற்குப் பாதிச் சான்று. போஸ்ட்கிரெஸ்ஸில் 2012 வரை பிறருடைய அமர்வானாலும் தன் பெயரிலுள்ள இன்னோர் அமர்வானாலும், அதை முடிக்க எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர்தான் வர வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் 9.2 பதிப்பு, ஒரே பயனருக்குரிய அமர்வுகளை அவரே முடிக்கலாம் என்றது. 2016இல் வந்த 9.6, பிறருடைய அமர்வுகளை முடிப்பதற்கென்றே தனி ரோல் ஒன்றை உருவாக்கியது. ஆனால் அந்த ரோல் பெற்றவரும் சூப்பர்யூசரின் அமர்வைத் தொட முடியாது. மைஎஸ்கியூஎல் 8.0, எல்லாவற்றையும் அள்ளித் தந்த ‘சூப்பர்’ உரிமையிலிருந்து இணைப்பு நிர்வாகத்தைத் தனியே பிரித்தது. ஆரக்கிளிலோ அமர்வை முடிக்க ‘ஆல்டர் சிஸ்டம்’ உரிமை வேண்டும். அதே உரிமை சர்வரின் நினைவக அளவுகளை மாற்றவும் போதுமானது. வாசலைத் திறக்க வீட்டுப் பத்திரத்தையே கையில் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. ஆக, இந்த அதிகாரம் நிர்வாக அதிகாரத்தின் ஒரு துணுக்கு அல்ல, தனியாக அளந்து கொடுக்க வேண்டியது என்பதை இவற்றில் இரண்டு மென்பொருள்கள் தாமே ஒப்புக்கொண்டுவிட்டன.

ஆனால் பிரித்தது போதுமா? ‘தன் அமர்வைத் தானே முடிக்கலாம்’ என்ற 2012இன் விதி, ஒரு மனிதருக்கு ஒரு பயனர் பெயர் என்ற பழைய உலகத்துக்கு உரியது. இன்றைய இணையப் பயன்பாடுகளில் நூற்றுக்கணக்கான அலுவலர்களின் வேலை, இணைப்புத் தொகுப்பு ஒன்றின் வழியே ஒரே தரவுத்தளப் பெயரில் போய்ச் சேர்கிறது. வெள்ளக்கடை மனுவைத் திருத்தும் அமர்வும் நாகப்பட்டினத்து மனுவைத் திருத்தும் அமர்வும் சர்வரின் கண்ணுக்கு ஒருவருடையவையே. ‘தன்னுடையது’ என்ற சொல் அங்கே எல்லோருடையதையும் குறிக்கிறது. பார்வைக்குக் கடுமையான விதி, நடைமுறையில் கட்டற்ற அனுமதியாகிவிடுகிறது.

அமர்வை முடித்தால் தரவு கெடாது, முடிவடையாத பரிவர்த்தனை பின்வாங்கப்படும், பிறகு ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்கலாம். தரவுத்தளத்துக்குள் அது உண்மை. செலுத்திய கட்டணமும் கைபேசிக்குப் போய்விட்ட குறுஞ்செய்தியும் பின்வாங்குவதில்லை. ஆரக்கிள் போன்றவற்றில் பெரிய பரிவர்த்தனை பின்வாங்கி முடியும்வரை பூட்டும் முழுவதும் விலகாது. அப்படியானால் சூப்பர்யூசரிடமே விட்டுவிடலாமே என்பது எதிர்முனை வாதம். அவர் சென்னையில் உறங்கும் நேரத்தில் அவருடைய கடவுச்சொல் நான்கு பேரிடம் சுற்றத் தொடங்கும். கட்டுப்பாட்டின் பெயரால் கட்டுப்பாடு போய்விடும். வலுவான மறுப்பு மூன்றாவது: காலக்கெடு வைத்தால் மனிதருக்கு அதிகாரமே வேண்டாம். பரிவர்த்தனையைத் திறந்துவைத்துச் சும்மா இருக்கும் அமர்வைத் தானே முடிக்கும் அமைப்பு போஸ்ட்கிரெஸ்ஸின் 9.6இலேயே வந்தது, பரிவர்த்தனையின் மொத்த நேரத்துக்கான கெடு 2024இல் வந்த 17ஆம் பதிப்பில். இரண்டும் இயல்பில் அணைந்தே கிடப்பவை. அணைத்து வைத்ததற்குக் காரணமும் உண்டு. கடிகாரத்துக்கு நேரம்தான் தெரியும். ஆண்டுதோறும் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்கு முந்திய இரவில் கணக்குகளைத் தொகுக்கும் நீண்ட வேலைக்கும், மறந்துபோன ஒரு திரைக்கும் அதனால் வேறுபாடு காண இயலாது.

வழி வருவாய் நிர்வாகத்திலேயே இருக்கிறது. உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல் மண்டலத் துணை வட்டாட்சியரிடமும், உட்பிரிவு உள்ளது வட்டாட்சியரிடமும் போவது விஷயத்தின் தன்மையைப் பார்த்துத்தான். அதேபோல, பிறரைத் தடுத்து நிற்பதும் குறித்த நிமிடங்களுக்கு மேல் செயலற்றிருப்பதுமான அமர்வை மட்டும் முடிக்கும் ஒரு ஃபங்ஷனை உயர் உரிமையுள்ளவர் எழுதி, அதை இயக்கும் அனுமதியை மட்டும் இரவுப் பணியாளருக்குத் தரலாம். ஓடிக்கொண்டிருக்கும் வினவலானால் முதலில் அதை ரத்து செய்வதோடு நிற்க வேண்டும்; அமர்வை அறுப்பது அடுத்த படி. வட்டாட்சியரின் பட்டா ஆணைக்கு எதிராகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. அறுபட்ட அமர்வுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே யார், எப்போது, எந்த அமர்வை, அது யாரைத் தடுத்துக்கொண்டிருந்தபோது முடித்தார் என்ற நான்கையும் அந்த ஃபங்ஷனே, தன்னை இயக்குபவர் அழிக்க முடியாத ஓர் அட்டவணையில், முடிப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.