குறிப்புச் சீட்டு முதல் மின்னணுக் குறிப்பு வரை: ஆய்வுக் குறிப்பு ஒழுங்கமைப்பின் வரலாறு

முன்னுரை

ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டுதல், அவற்றை அடையாளப்படுத்துதல், படிக்கும்பொழுது குறிப்பெழுதுதல், எழுதும்பொழுது அக்குறிப்புகளை மீட்டெடுத்தல் ஆகிய நான்கும் ஆய்வுப் பணியின் அடிப்படைக் கூறுகளாகும். இவை இன்று பெரும்பாலும் கணிப்பொறியில் நிகழ்கின்றன. எனினும் இவற்றுக்கான முறைமை கணிப்பொறியோடு தோன்றியதன்று. அதற்கு நெடிய வரலாறு உண்டு. மூலம் எது, அதிலிருந்து எடுத்த மேற்கோள் எது, ஆய்வாளரின் கருத்து எது எனப் பிரித்துக் காட்டுவதே எக்காலத்தும் இம்முறையின் உயிர்நிலையாக இருந்துள்ளது. இவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, தமிழாய்வுக்கேற்ற மின்னணுப் பணிமுறை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவடியில் மூலமும் உரையும்

இப்பிரிப்பின் இன்றியமையாமையைத் தமிழ்ப் பதிப்பு வரலாறே தெளிவாகக் காட்டுகிறது. ஏட்டுச் சுவடிகளில் மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டன. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. உரையாசிரியர்கள் பிற நூல்களிலிருந்து எடுத்தாண்ட பகுதிகளுக்குப் பல இடங்களில் நூற்பெயர் சுட்டவில்லை. நச்சினார்க்கினியர் உரையுடன் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், மூலம் இது, உரை இது, உரையுள் வரும் மேற்கோள் இது எனப் பிரித்தறியப் பெரிதும் உழைக்க நேர்ந்தது. மேற்கோள் நூல்கள் உரையாசிரியருக்கும் அவர்தம் மாணாக்கருக்கும் மனப்பாடமாக இருந்திருத்தல் கூடும். ஆதலின் அவற்றின் பெயரைச் சுட்டும் தேவை எழவில்லை எனலாம். நினைவின் தொடர்ச்சி அறுந்தபொழுது, சுட்டப்படாத மேற்கோள் பின்வந்தோர்க்குப் புதிராயிற்று.

சீட்டு முறையின் வளர்ச்சி

அச்சுக்கலை பரவிய ஐரோப்பாவில் சிக்கல் வேறு வகையில் எழுந்தது. நூல்கள் பெருகியமையால் நினைவு மட்டும் போதாதாயிற்று. சூரிச் நகரின் கான்ராட் கெஸ்னர் 1545இல் நூலடைவு ஒன்றை வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக 1548இல் வெளிவந்த நூலில் தம் குறிப்பு முறையை விளக்கினார். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, ஒவ்வொரு குறிப்பையும் கத்தரித்துப் பிரித்து, வேண்டிய வரிசையில் அடுக்குதலே அம்முறையாகும். எழுதிய வரிசையிலிருந்து குறிப்பை விடுவித்தது இதன் சிறப்பு. 1689இல் வின்சென்ட் பிளாக்சியஸ் குறிப்பெடுக்கும் கலை பற்றிய நூலில், தலைப்பு வாரியாகச் சீட்டுகளைக் கொக்கிகளில் மாட்டி வைக்கும் பேழை ஒன்றை விளக்கியுள்ளார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீட்டு முறை கூட்டுப்பணிக்கும் உரியதாயிற்று. 1879 முதல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிப் பணியை நடத்திய ஜேம்ஸ் மர்ரே, தன்னார்வ வாசகர்கள் பலரிடமிருந்து சீட்டுகளைப் பெற்றார். சொல், ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், மேற்கோள் என ஒவ்வொன்றுக்கும் சீட்டில் உரிய இடம் வகுக்கப்பட்டிருந்தது. எவர் எழுதினும் எவரும் பயன்கொள்ளுமாறு செய்தது இவ்வொருமைப்பாடே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் சொற்பொருளுக்குச் சான்றான மேற்கோளை நூற்பெயருடனும் இடச்சுட்டுடனும் தருவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

சீட்டுகளை எத்தலைப்பின்கீழ் அடுக்குவது என்பது அடுத்த சிக்கல். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ.இரா. அரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே கிளையில் அடைக்காமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பகுத்து இணைப்பது அம்முறை. ஒரு கட்டுரைக்குக் காலம், இடம், இலக்கிய வகை எனப் பல குறிச்சொற்களை இன்று இடுவதற்கு இது கோட்பாட்டு முன்னோடி எனக் கருதத்தக்கது. ஜெர்மானியச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமான் ஏறத்தாழ 90,000 சீட்டுகள் கொண்ட தொகுப்பை உருவாக்கினார். ஒவ்வொரு சீட்டுக்கும் எண் இட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சுட்டியதோடு நூல்விவரச் சீட்டுகளைக் கருத்துச் சீட்டுகளினின்றும் பிரித்து வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கணிப்பொறியின் வருகை

அமெரிக்க அறிவியலறிஞர் வானிவர் புஷ் 1945இல் எழுதிய கட்டுரையில் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனைக் கருவியை விவரித்தார். நுண்படச் சுருளில் சேமித்த நூல்களை வாசகர் தாமே இணைத்துக் குறிப்பெழுதும் மேசையாக அது எண்ணப்பட்டது. அக்கருவி உருவாக்கப்படவில்லை, அக்கருத்து நிலைத்தது. 1985இல் ஓரன் பட்டாஷ்னிக் உருவாக்கிய பிப்டெக், நூல்விவரத்தை ஒருமுறை பதிந்து பல வடிவங்களில் துணைநூற்பட்டியலாகப் பெற வழிசெய்தது. 1993இல் அறிமுகமான பி.டி.எஃப். வடிவம் 2008இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வு மையம் ஸோட்டெரோ என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டது. 2022இல் வந்த அதன் ஆறாம் பதிப்பில் கட்டுரையைப் படித்துக் குறிப்பெழுதும் வசதி உள்ளமைந்தது. கோடிட்ட பகுதி, அதன்மேல் எழுதும் கருத்து, பக்க எண் ஆகியன அதில் தனித்தனியே பதிவாகின்றன. மர்ரேயின் சீட்டு வகுத்த இடங்களே இங்கும் தொடர்கின்றன.

தமிழாய்வில் எழும் சிக்கல்கள்

இக்கருவிகள் தமிழ் மரபை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவையல்ல. ஆதலின் சில இடங்களில் ஆய்வாளரே முறை வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

முதலாவது, எழுத்துரு. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றது. 1999இல் தாம், தாப் குறியீடுகள் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் பல்வேறு எழுத்துருக்களில் அச்சான கட்டுரைகளின் பி.டி.எஃப். கோப்பில் கோடிட்டு நகலெடுத்தால், தமிழுக்கு மாறாகப் பொருளற்ற உரோமன் எழுத்துகளே பல வேளைகளில் கிடைக்கின்றன. திரையில் தமிழாகத் தோன்றுவது தேடலில் அகப்படுவதில்லை. இத்தகு மேற்கோளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்ட பின்னரே குறிப்பில் சேர்த்தல் வேண்டும்.

இரண்டாவது, பெயர். கருவிகள் இயற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை வைத்துள்ளன. தமிழ்ப் பெயரில் குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. தலைப்பெழுத்தை முதற்கட்டத்திலும் பெயரை இரண்டாம் கட்டத்திலும் இட்டால் 'சாமிநாதையர், உ.வே.' என முறையாக அமையும். இம்முறையைத் தொகுப்பு முழுவதும் மாறாது பின்பற்றாவிடின் ஓர் ஆசிரியர் இருவராகத் தோன்றுவார்.

மூன்றாவது, ஆண்டு. திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இட்ட நூல்கள் உள்ளன. அதில் 31ஐக் கழித்து ஆங்கில ஆண்டைப் பெறலாம். பழைய அச்சு நூல்கள் சிலவற்றில் அறுபது ஆண்டு வட்டத்தின் பெயர் மட்டுமே உண்டு. கணித்த ஆண்டைத் தேதிக் கட்டத்திலும், நூலில் உள்ளவாறே உள்ள பதிவைக் குறிப்பிலும் தருதல் நன்று.

நான்காவது, இடச்சுட்டு. வருடிய கோப்பின் பக்க வரிசை எண்ணும் நூலில் அச்சான பக்க எண்ணும் பெரும்பாலும் வேறுபடும். இலக்கிய மேற்கோளுக்குப் பாடல் எண்ணையும் பதிப்பையும் சேர்த்துச் சுட்டுவதே பிழைக்கு இடந்தராது.

முடிவுரை

கெஸ்னரின் கத்தரிக்கோல் குறிப்பை ஏட்டிலிருந்து விடுவித்தது. அரங்கநாதனின் பகுப்பு அதனைப் பல வழிகளில் அணுகச் செய்தது. கணிப்பொறி அதனை நொடியில் மீட்டுத் தருகிறது. ஆயினும் கருவி தானே பிரித்தறிவதில்லை. ஆகவே தமிழாய்வாளர் ஒவ்வொரு கட்டுரையையும் முதலில் முழு நூல்விவரத்துடன் பதிதல், மேற்கோளை உள்ளவாறே தனித்துப் பதிதல், தம் கருத்தை வேறாக எழுதுதல், பொருள்முகம் பற்றிய குறிச்சொற்களை அளவாக இடுதல் என்னும் வரிசையைக் கைக்கொள்ளுதல் வேண்டும். ஸோட்டெரோ போன்ற கருவியில் குறிப்புகள் பி.டி.எஃப். கோப்பினுள் அல்லாது கருவியின் தரவுத்தளத்திலேயே தங்குகின்றன. எனவே அவற்றை அவ்வப்போது பொது வடிவில் வெளியெடுத்துப் படி எடுத்து வைத்தலும் தேவை. சுட்டப்படாத மேற்கோள்களின் மூலம் தேடிப் பதிப்பாசிரியர் பட்ட பாடு, இன்றைய குறிப்புகளை நாளை பயன்கொள்வோர்க்கும் நேராதிருக்க இதுவே வழியாகும்.