மொட்டைக் கோபுரம்

தென்காசியின் சரித்திரம் ஒரு வீழ்ச்சிக்குப் பின்தான் தொடங்குகிறது. 1311ல் மாலிக் காபூரின் படையெடுப்பு, பிறகு சுல்தான்கள், அடுத்து விஜயநகரம் என்று 14ஆம் நூற்றாண்டில் பாண்டியர் மதுரையை இழந்தார்கள். தெற்கே ஒதுங்கியவர்களில் ஒருவனான அரிகேசரி பராக்கிரம பாண்டியன், 15ஆம் நூற்றாண்டில், குற்றால மலையிலிருந்து இறங்கிவரும் சிற்றாற்றின் கரையில் காசிவிசுவநாதர் கோயிலைக் கட்டினான்.

இழந்தவன் கட்டிய கோயில் இது என்பது அங்குள்ள கல்வெட்டுப் பாடலில் தெரிகிறது. தர்மத்துக்குத் தீங்கு செய்பவனைச் சபிப்பது சாசன வழக்கம். இந்தப் பாடலோ, கோயிலுக்கு என்றேனும் குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரைப் பணிவதாகச் சொல்கிறது. கட்டும்போதே இடிபாட்டை நினைத்த மனம். நிரந்தரத்தைக் கல்லிடம் அல்ல, முகம் தெரியாத மனிதரிடம் கேட்ட மனம்.

குறை நேர்ந்தது. மேல்நிலைகளை இழந்த ராஜகோபுரம் தலைமுறைகளாக மொட்டையாய் நின்றது. ஊர் அதற்காக நின்றுவிடவில்லை. வழிபாடும் வியாபாரமும் அதன் நிழலிலேயே நடந்தன. சாரல் மாதங்களில் மலைக்காற்று அதே வாசலில் வீசியது. அந்தச் சிதைவைப் பார்த்தே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சிதைவு அல்ல, ஊரின் அடையாளம்.

1990ல் 9 நிலைக் கோபுரம் எழுந்து கும்பாபிஷேகம் கண்டது. மொட்டைக் கோபுரம் அன்று இல்லாமல் போயிற்று. மீட்பிலும் ஓர் இழப்பு உண்டு. ஆனால் அதைச் சொல்லி மீட்டவர்களைக் குறைக்க முடியாது. காசு கொடுத்தவர்கள், சாரமேறிய கொத்தர்கள், சுதை பிடித்த சிற்பிகள்: 500 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த அரசனின் வணக்கம் இவர்களுக்குரியது.